மாட்டுங்காவில் வண்டி பார்த்த படலம்

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் முழுக்க, என் மூளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. நிஜத்தில் அது நின்றது செம்பூரில், ஒரு ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால். ஜப்பான்காரன் வரைந்து கொடுத்த வண்டி, இரட்டை சிலிண்டர், டாங்கில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். ஞாயிற்றுக்கிழமையானால் தாராவியிலிருந்து பஸ் பிடித்துப் போய் வெளியே நிற்பேன். கொஞ்சம் குனிந்து, இடது தோளை இறக்கி நின்றால், கண்ணாடியில் விழும் என் உருவம் சரியாக அந்த சீட்டின் மேல் போய் உட்காரும். அந்தக் கோணத்தைக் கண்டுபிடிக்கப் பல ஞாயிறுகள் ஆயின. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு இவ்வளவு உழைத்திருந்தால் நான் தாராவிக்கே வந்திருக்க மாட்டேன்.

தாராவியில் என் மச்சானுக்குத் தோல் பைப் பட்டறை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வெள்ளைத் தொப்பியும் வெற்றிலைச் சிவப்புமாக, கல்லாவையும் காரியத்தையும் ஒருசேரப் பார்த்துக்கொள்கிற மனிதர். பட்டறையில் எனக்கு வாய்த்தது வெளியூர் வேலை. புதுசாகத் தைத்த பைகளை இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளில் அடைத்து, பூனா, நாசிக் கடைகளில் காட்டி ஆர்டர் பிடித்து வர வேண்டும். வெளியூர் போகாத நாட்களில் உள்ளே உட்கார்ந்து தோலுக்கு சொல்யூஷன் என்கிற பசையைத் தடவ வேண்டும். அந்த நாற்றம் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். பிரியாணியும் சொல்யூஷன், அத்தரும் சொல்யூஷன், பெண்டாட்டியின் தலையில் வைத்த மல்லிகைகூட சொல்யூஷன். ஆகவே எனக்கு ரோடு என்றால் உயிர்.

அந்த உயிருக்குத்தான் ஆபத்து வந்தது. நான் போவது அரசாங்க பஸ்ஸில். பெட்டிகள் போவது பஸ்ஸின் தலைமேல். அங்கே கோழிக்கூடை, வெங்காய மூட்டை, ஸ்டெப்னி டயர் எல்லாம் என் பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்துதான் பூனா வரும். மூன்றாவது தடவை பெட்டியைத் திறந்தபோது பூனாக் கடைக்காரர் ஒரு கைப்பையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, “யே பேக் ஹை, கி பாப்பட்?” என்று கேட்டார். பையா, அப்பளமா?

மச்சானிடம் வந்து சொன்னேன். அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். அவர் அப்படி நிறுத்துவது அபூர்வம்.

“இன்னொரு தடவை நசுங்கிப் போச்சுன்னா பூனா கடை நமக்கில்ல மாப்ள. கடை போச்சுன்னா உமக்கு ரோடும் இல்ல. ரோட்டுக்கு வேற ஆளப் போட்டுட்டு, நீரு ஆயுசுக்கும் சொல்யூஷன் டப்பா பக்கத்துலயே உக்காந்துக்கிடும்.”

“நசுங்காம எப்படி மச்சான் கொண்டு போறது?”

“பட்டறைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்துப் போடுவோம். ஒம்ம முதுகுக்குப் பின்னால பெட்டி இருந்தா கோழி ஏறாதுல்லா? எது நல்ல வண்டின்னு நீரே பாரும்.”

நீரே பாரும்! கல்யாணத்தின்போதுகூட என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அன்று இரவே மனைவியிடம் செம்பூர் வண்டியின் அருமை பெருமைகளை எடுத்து ஓதினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பெட்டிய எங்க வைப்பீங்க?” என்றாள். கலை ரசனை இல்லாத குடும்பம்.

அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. சுமை ஏற்றிப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார்கள். கைவண்டி வாங்கினால் அதில் தோல் கட்டுகளை ஏற்றி, கல்லி என்கிற எங்கள் சந்தின் முனை வரை தள்ளிப் பார்ப்பார்கள். சைக்கிள் வாங்கினால் பின்னால் இருவரை உட்கார வைத்துப் பார்ப்பார்கள். மச்சான் கட்டில் வாங்கப் போனபோது கடையிலேயே அதன்மேல் ஏறிப் படுத்து, கடைக்காரனையும் பக்கத்தில் படுக்கச் சொன்னவர். ஆகவே செம்பூர் ஷோரூமுக்கு நாங்கள் போனபோது, நான் இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் போனேன். பின்னால் மச்சான் ஒரு பெட்டியைத் தலையில் வைத்து, இன்னொரு பெட்டியைக் கூலிக்காரன் தலையில் வைத்து, தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தார்.

கழுத்தில் டை கட்டிய சேல்ஸ்மேன் ஓடி வந்தான். “அரே சாச்சா, யே ஷோரூம் ஹை! குர்லா டேஷன் பாஜு மே ஹை!” ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி தவறி வந்தவர் என்று நினைத்துவிட்டான்.

“ஸ்டேஷன் எங்களுக்குத் தெரியும்பா. இந்த வண்டிதானே மாப்ள?” என்று மச்சான் என்னைப் பார்த்தார். ஒரு வருஷமாகக் கண்ணாடி வழியாகக் காதலித்தவளின் முன்னால் என்னைக் கயிறும் கையுமாக நிறுத்திவிட்டாரே என்று எனக்குப் பூமிக்குள் போகலாம் போலிருந்தது. சேல்ஸ்மேன் தடுப்பதற்குள் ஒரு பெட்டி சீட்டின் மேல் ஏறிவிட்டது. அந்த சீட் பின்பக்கம் ஒயிலாக மேலே வளைந்திருக்கும். அதை நினைத்து நான் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு. பெட்டி அந்த ஒயிலில் வழுக்கி மெதுவாக முன்னால் வந்து டாங்கின் மேல் உட்கார்ந்தது. இரண்டாவது பெட்டியைப் பக்கவாட்டில் கட்டலாம் என்றால் கயிறு கட்ட ஒரு கம்பி இல்லை. கீழே பளபளவென்று சைலன்சர். மச்சான் அதைத் தொட்டுப் பார்த்து, “இது ஓடும்போது சுடுமா?” என்று கேட்டார்.

“பஹுத் கரம் ஹோதா ஹை” என்றான் சேல்ஸ்மேன், ரொம்பவே சுடும் என்று பெருமையாக.

“அப்ப பூனா போறதுக்குள்ள நம்ம பெட்டி கபாபு.”

சேல்ஸ்மேன் விடவில்லை. இந்த வண்டியின் வேகம் இந்தியாவிலேயே எதற்கும் கிடையாது, கண் மூடித் திறப்பதற்குள் பறக்கும் என்றெல்லாம் சொன்னான். மச்சான் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“பூனாவுக்கு யாரும் என்னத் துரத்தலியேப்பா. சரி, ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?”

சேல்ஸ்மேன் புன்னகைத்தான். இந்த வண்டி வாங்குகிறவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள் என்று இந்தியில் மரியாதையாகச் சொன்னான்.

“அப்ப கேக்காதவங்களே வாங்கட்டும்” என்று மச்சான் பெட்டியைத் தலைக்கு ஏற்றினார். வெளியே வந்தபின் என்னிடம், “நீரே பாருமுன்னுதான் சொன்னேன். இப்பவும் அதான் சொல்லுதேன். இதுதான் வேணும்னா எடுத்துருவோம். ஆனா பெட்டி நசுங்கிச்சுன்னா சொல்யூஷன் டப்பா” என்றார். இதைவிட அவர் ஓங்கி ஒன்று வைத்திருக்கலாம். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் தியாகியாகவாவது திரிந்திருப்பேன். இப்போது நானே என் வாயால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

துக்கம் தணிய மாட்டுங்காவில் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தோம். கை கழுவும் இடத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மச்சானுக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாக வராது. நான் படித்துச் சொன்னேன். ‘நீண்ட தூரப் பயணத்துக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள். ஒரே சொந்தக்காரர். மழையில் நின்றதில்லை. தகுந்த இடத்துக்கு மட்டும் கொடுக்கப்படும்.’

“வண்டியா, பொண்ணா வேய்?” என்றார் மச்சான்.

சந்தேகம் நியாயமானது என்று அரை மணி நேரத்தில் தெரிந்தது. விலாசத்துக்குப் போனால், நெற்றியில் விபூதியும் கையில் பஞ்சாங்கமுமாக ஓர் ஐயர் மாமா கதவைத் திறந்தார். ஆபீஸிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர். மச்சானின் தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். “வண்டி பாக்க வந்திருக்கேளா? வாங்கோ, உக்காருங்கோ” என்று கூடத்தில் பாயை விரித்தார். உடனே வண்டியைக் காட்டுவார் என்று பார்த்தால், உள்ளே இருந்து மாமி ஒரு தட்டில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டு வந்து வைத்தாள். நாங்கள் பெண் பார்க்கிறோமா, மாப்பிள்ளையாகப் பார்க்கப்படுகிறோமா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

மாமா ஆரம்பித்தார். “நீ எங்க நிறுத்துவே?”

“எங்க கல்லியிலதான் மாமா. வீட்டு வாசல்ல.”

“மேல கூரை உண்டோ?”

“தார்ப்பாய் கட்டிருவேன்.”

“இதுக்கு முன்னாடி வேற வண்டி ஏதாவது பழக்கம் உண்டோ?”

கடித்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தேன். பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருக்கும்போது பொய் சொல்ல முடியாது. “செம்பூர்ல ஒண்ணு மேல ஆசை இருந்தது மாமா. கண்ணாடி வழியா பாத்ததோட சரி. இப்ப இல்ல.”

மாமா கண்ணை மூடி யோசித்தார். மன்னிக்கலாம் என்று தீர்மானித்தவர்போல, “என்ன தொழில்?” என்றார்.

“பை செய்யறோம். ஆபீஸ் பை, லேடீஸ் பை.”

“ரெக்ஸினா?”

நான் கேசரியைப் பார்த்தேன். மச்சான்தான் சொன்னார்: “தோலு.”

மாமாவின் கையில் டம்ளர் அந்தரத்தில் நின்றது. “அப்போ, இவ மேல தோலைக் கட்டிண்டு போவேளா?”

சமையலறை வாசலில் நின்ற மாமி பேசினாள். “ஏன்னா, இத்தனை வருஷமா நீங்க ஆபீசுக்கு எடுத்துண்டு போனேளே ஒரு பை, அது என்ன வாழைப்பட்டையா?”

“அது வாங்கினதுடி.”

“இது மட்டும் என்ன, பெத்ததா?”

“கிட்டத்தட்ட” என்றார் மாமா. ஆனாலும் எழுந்தார்.

வண்டி பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. மாமியின் பழைய நூல்புடவையில் தைத்த உறை போட்டிருந்தது. மாமா அதைப் பின்பக்கமிருந்து மெதுவாக விலக்கினார். கறுப்பு வண்டி, நீளமான தட்டை சீட், பக்கத்துக்கு ஒரு சைலன்சர். ஆனால் அதற்கு மேலே முழ அகலத்தில் இரும்புத் தட்டுகள். முன்னால் காற்றுத் தடுக்க ஒரு கண்ணாடி. கிக்கர், கியர் இரண்டுக்கும் ஒரே லிவர். கோவா, நாசிக், பூனா என்று மாமியைப் பின்னால் வைத்துக்கொண்டு போகாத இடமில்லை என்றார் மாமா. மாமிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட முடியவில்லை, தனியாகப் போக மாமாவுக்கு மனசில்லை, அதனால்தான் கொடுக்கிறாராம்.

மச்சான் பெட்டிகளை ஏற்றினார். இரண்டு பக்கமும் தட்டில் போய் அடக்கமாக உட்கார்ந்தன. அதன்பிறகு மச்சானும் ஏறி உட்கார்ந்தார். வண்டி முனகவில்லை. எனக்குத்தான் முனகல் வந்தது. ஒயில் இல்லை, பளபளப்பு இல்லை. இதில் நான் ஏறினால் மூக்குக் கண்ணாடியும் தொப்பையும் தானாக வந்துவிடும்.

விலை பேசுவதற்கு முன்னால் மாமா இரண்டு நிபந்தனை போட்டார்.

“கண்டாலா காட்ல, அந்த மலைப்பாதை ஏறறச்சே, பாதியில ஒரு சின்னக் கோயில் வரும். லாரிக்காராள்லாம் காசு போடுவா. அங்க பத்து நிமிஷம் நிறுத்தணும். நான் ஒரு நமஸ்காரம் பண்ணுவேன், இவ பிளாஸ்க்லேர்ந்து காபி குடுப்பா, அப்பறம் கிளம்புவோம். ஒரு தடவைகூட நிறுத்தாமப் போனதில்லை. அவளுக்கு அது பழக்கம்.”

“சரி மாமா” என்றேன், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு.

“இன்னொண்ணு, தலைத்தீபாவளிக்கு இங்க அழைச்சுண்டு வரணும்.”

மச்சான் தொப்பியைச் சரிசெய்தார். “எங்களுக்கு தீபாவளி கெடையாதே சாமி.”

“உங்களுக்கு இல்லைன்னா என்ன?” என்றாள் மாமி. “அவளுக்கு உண்டே.”

மச்சான் விலையைப் பேசிப் பணத்தை எண்ணி வைத்தார். வண்டி தாராவிக்கு வந்தது.

அடுத்த வாரம் விடியும்போது பூனாவுக்குக் கிளம்பினோம். முன்னால் நான், பின்னால் மச்சான், இரண்டு பக்கமும் பெட்டிகள். பூனாக் கடைக்காரரிடம் தாமே முகம் காட்ட வேண்டும் என்று வந்தார். என் ரோட்டுக்குத் தீர்ப்பு எழுத வந்தார் என்றும் சொல்லலாம். செம்பூரில் அந்த ஷோரூமைக் கடக்கும்போது பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். கண்ணாடியில், குடும்பக் கட்டுப்பாடு விளம்பரத்தில் வருகிற பொறுப்பான அப்பா ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய பெரிய பிள்ளை தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தது.

வண்டி மட்டும் குறை சொல்ல முடியாதபடி ஓடியது. பன்வேல் தாண்டியதும் எனக்கே கொஞ்சம் கர்வம் வந்தது. கர்வம் வந்தால் எனக்கு உடனே முட்டாள்தனமும் வந்துவிடும், இரண்டும் ஒரே பஸ்ஸில் பயணம் செய்பவை. கண்டாலா ஏற்றத்தில் அந்தச் சின்னக் கோயில் தெரிந்தது. லாரிக்காரர்கள் காசு எறிந்துகொண்டிருந்தார்கள். நிறுத்துவதா? செம்பூர் வண்டி என்றால் நின்றிருக்குமா? கியரை மாற்றி முறுக்கினேன்.

கோயிலைத் தாண்டி இரண்டு லாரி நீளம் போயிருப்போம். வண்டி பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

“என்ன வேய், பெட்ரோலா?”

“இல்ல மச்சான். நெறைய இருக்கு.”

உதைத்தேன். அசையவில்லை. கிக்கரும் கியரும் ஒன்றாக இருப்பதால் உதைக்கிற உதையில் பாதி எங்கே போகிறதென்று கால் கண்டுபிடிக்கவில்லை. அது கண்டுபிடித்தபோது கணுக்காலில் வலிதான் மிச்சம். லாரிக் கிளீனர் ஒருவன் கைதட்டிவிட்டுப் போனான். அந்த நேரம் பார்த்து, கீழேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு பூனா பஸ் ஒன்று ஏறி வந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற அங்கேயே ஓரம் கட்டியது. மேலே கோழிக்கூடைகள். ஒரு சேவல் எட்டிப் பார்த்து, பழைய நண்பனை அடையாளம் கண்டதுபோலக் கூவியது.

மச்சான் பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“மாப்ள, கடைக்காரன் மத்தியானம் வரைக்கும்தான் இருப்பான். பெட்டிய மேல போட்டு நான் பஸ்ல போயிடுதேன். நசுங்குறது நசுங்கட்டும்.”

எனக்கு அங்கேயே, அந்த மலைக் காற்றிலேயே, சொல்யூஷன் நாறியது.

“பத்து நிமிஷம் குடுங்க மச்சான்.”

“பத்து நிமிஷத்துல மெக்கானிக்கா வரப்போறான்?”

“இல்ல. இது… இதுக்குக் காபி நேரம்.”

சொல்லிவிட்டேன். மாமாவின் நிபந்தனையை நினைவுபடுத்தி, நான் அதை மதிக்காமல் முறுக்கியதையும் சொன்னேன். மச்சான் திரும்பிக் கோயிலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கயிறு கையில் இருந்தபடியே, “வண்டிய வாங்கச் சொன்னா, அய்யரோட வேண்டுதலையும் சேத்துல்லா வாங்கிட்டு வந்திருக்கீரு?” என்றார்.

ஆனால் கயிற்றை விட்டுவிட்டார். இருவரும் வண்டியைப் பின்பக்கமாகவே உருட்டிக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். பிளாஸ்க் இல்லை, எதிரே ஒருவன் டீ விற்றான், வாங்கினோம். பூசாரி எங்களைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சிரித்து, “மத்ராஸி பாபு ஆஜ் நஹீ ஆயா?” என்று கேட்டார். மாமா வரவில்லையா என்கிறார். நாங்கள் இரண்டு தாராவி ராவுத்தர்கள் அவருடைய வண்டிக்குத் துணையாக வந்த சம்பந்திகள் போல நின்றோம்.

கண்டக்டர் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஏறுகிறீர்களா, இல்லையா?” என்று மராட்டியில் கத்தினான். மச்சான் டீக் கோப்பையை வைத்தார். நான் பிஸ்மி சொல்லி உதைத்தேன்.

ஒரே உதை. பிடித்துக்கொண்டது.

சூடு தணிந்தது என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். சொல்லட்டும். மச்சான் கண்டக்டரைப் பார்த்துக் கையை ஆட்டினார். சேவலைப் பஸ்ஸோடு வழியனுப்பிவிட்டு, கொஞ்ச தூரத்தில் அதை முந்தியும் போனோம்.

பூனாக் கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு பையாக எடுத்து மேசையில் வைத்தார். வைத்த பைகள் எல்லாம் நின்றன. அவருக்கே நம்பிக்கை வராமல் ஒன்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது திரும்ப நிமிர்ந்தது. “பாப்பட் கிதர் கயா?”, அப்பளம் எங்கே போச்சு என்று கேட்டுவிட்டு, பழைய ஆர்டரைப்போல இரண்டு மடங்கு எழுதச் சொன்னார். மச்சான் ஆர்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். திரும்பும்போது ஏற்றம் இல்லை, இறக்கம்தான். வண்டி சுடவே இல்லை. ஆனாலும் கோயிலைக் கண்டதும் பின்னாலிருந்து அவர் கை என் தோளைத் தட்டியது. “நிறுத்தும். ரோடு வேணுமா வேண்டாமா?”

தீபாவளிக்குப் போக என் மனைவிக்கு ஒரே கவலை. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. வட்டலாப்பம் செய்தால் அதில் முட்டை, ஐயர் வீட்டுக்கு ஆகாது. கடைசியில் தேங்காய்ப்பாலில் தொதல் அல்வா கிண்டினாள். விடிந்ததும் வண்டியைத் துடைத்து, அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு மாட்டுங்கா போனேன். வாசலிலேயே மாமா நின்றுகொண்டிருந்தார். எங்களை வாங்கோ என்றுகூடச் சொல்லாமல் வண்டியைச் சுற்றி வந்தார். “கொஞ்சம் இளைச்சாப்ல இருக்காளே” என்றார். மாமி ஹாண்டில்பாரில் குங்குமம் வைத்துவிட்டு, புதுப் புடவைத் துணியில் தைத்த உறையை என் மனைவியின் கையில் கொடுத்தாள். தலைத்தீபாவளிப் புடவை. என் மனைவி அதைத் தோளில் சார்த்திப் பார்த்து, தனக்கு ஒன்றும் இல்லையா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

மாமா கடைசியாகச் சைலன்சரைத் தட்டிவிட்டு, நிமிராமலே கேட்டார்.

“காட்ல நிறுத்தினியோ?”

“நான் நிறுத்தல மாமா. அவளாத்தான் நின்னா.”

மாமா நிமிர்ந்து மாமியைப் பார்த்தார். மாமி பிளாஸ்க்கை எடுத்துவர உள்ளே போனாள்.